எடுக்கப்படாத ஒரு திரைப்படத்தின் வரலாறு

விஞ்ஞானப் புனைகதை என்றதும் அதனைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிற் பலரிடம் உண்டு. கலையையும் இலக்கியத்தையும் சமுதாய நோக்கில் அணுகுகிறோம் என்று கூறிக்கொள்ளும் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். சேற்றில் நின்று நாற்று நடும் பெண்ணைப் பற்றி எழுதினால் அது யதார்த்தம்; வேறொரு கிரகத்திலிருந்து இறங்கி வருபவனைப் பற்றி எழுதினால் அது வாழ்க்கையிலிருந்து தப்பியோடல் என்பது அவர்களது கணக்கு. கணக்கு எளிதாயிருக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது. தான் ஒருபோதும் கண்டிராத அந்நியனை ஒரு சமுதாயம் எவ்வாறு கற்பனை செய்கிறது, அவன் எந்த மண்ணில் வந்து இறங்குவதாக எண்ணுகிறது, மனித குலத்தின் சார்பில் அவனை எதிர்கொள்பவர் யார் என்று காட்டுகிறது என்பனவெல்லாம் அச்சமுதாயம் தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் கொண்டுள்ள கருத்தின் வெளிப்பாடுகளே. நாற்று நடும் பெண்ணின் ஊரிலேயே அந்த அந்நியன் வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று கேட்ட கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் வங்காளத்தின் சத்தியஜித் ராய். அக்கேள்வியைத் திரைப்படமாக்க அவர் எடுத்த முயற்சி கல்கத்தாவில் உருவாகி, கொழும்பின் வழியாக ஹொலிவூட்டுக்குப் போய், அங்கே அழிந்த வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

வேற்றுலகத்தார் பூமிக்கு வரும் கதைக்கு நவீன வடிவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் எச். ஜி. வெல்ஸ். 1898இல் நூலாக வெளிவந்த ‘உலகங்களின் போர்’ என்னும் அவரது நாவலிற் செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின் மீது படையெடுக்கின்றனர். பிரித்தானியப் பேரரசு உச்சத்தில் நின்ற காலம் அது. நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ், தஸ்மேனியத் தீவின் ஆதிக்குடிகளுக்கு ஐரோப்பியக் குடியேறிகள் இழைத்த பேரழிவை நினைவூட்டி, அதனைச் செய்தவர்கள் செவ்வாய்க்காரரைக் குறைகூறத் தகுதியுடையவரா என்ற பொருள்பட வினவுகிறார். தாம் பிறரிடம் எவ்வாறு சென்றனரோ அவ்வாறே தம்மிடமும் எவரோ வரக்கூடும் என்ற அச்சம், ஆதிக்க நாட்டவரின் குற்ற உணர்விற் பிறந்தது. வெல்ஸின் பெருமை அந்த மூலத்தை மறைக்காது சொன்னதில் இருக்கிறது.

அமெரிக்கத் திரைப்படம் அச்சத்தை எடுத்துக்கொண்டது. குற்ற உணர்வை விட்டுவிட்டது. 1950களில் அங்கு வெளிவந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் வேற்றுலகத்தான் கொல்லப்பட வேண்டிய பகைவன். உள்நாட்டிற் கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய அரசியலுக்கும் இப்படங்களுக்கும் உள்ள உறவைப் பலர் விளக்கியுள்ளனர். மதிக்கத்தக்க விலக்காக அமைந்தது, ரொபேர்ட் வைஸ் 1951இல் நெறிப்படுத்திய ‘பூமி அசையாது நின்ற நாள்’. அதில் வருபவன் அணுவாயுதப் போட்டியைப் பற்றி எச்சரிக்க வருகிறான். பரிசுப் பொருளொன்றை அவன் நீட்டியவுடன் அதை ஆயுதமென்று கருதிய சிப்பாய் ஒருவன் அவனைச் சுட்டுவிடுகிறான். போர்வெறியின் பேதைமையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் அக்கால ஹொலிவூட்டில் அதிகமில்லை. அப்படத்தில் விஞ்ஞானியாக நடித்த சாம் ஜாஃபி, பின்னர் அரசியற் கறுப்புப் பட்டியலில் அகப்பட்டு வாய்ப்பிழந்தார். ஆயினும் அந்த நல்ல படத்திலும் விண்கலம் இறங்குவது வொஷிங்டன் நகரில். உலகத்தின் விதியைப் பேசுவதற்கு வேறெங்கு இறங்குவது என்ற எண்ணம் அதனை எடுத்தவர்களுக்கு இயல்பாகவே இருந்தது.

சோஷலிச நாடுகளின் முயற்சியையும் இங்கே குறிப்பிட வேண்டும். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1951இல் எழுதிய நாவலைத் தழுவிக் கிழக்கு ஜேர்மனியும் போலந்தும் இணைந்து 1960இல் ‘மௌன நட்சத்திரம்’ என்ற படத்தை எடுத்தன. வெள்ளிக் கிரகத்துக்குச் செல்லும் அக்கலத்தில் ஆபிரிக்கர், சீனர், ஜப்பானியப் பெண் மருத்துவர் ஆகியோருடன் இந்தியக் கணித அறிஞர் ஒருவரும் இருக்கிறார். அவ்விந்தியராக ஒரு ஜேர்மனியரே நடித்தார் என்பது வேறு விடயம். எப்படியாயினும் எங்களில் ஒருவருக்கு அக்கலத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. இருக்கை கிடைப்பதும், கதையே எங்கள் ஊரில் நிகழ்வதும் ஒன்றல்ல.

வங்காளத்தில் இதற்கான நிலம் முன்னமே பண்பட்டிருந்தது. பௌதிகவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ் 1896இலேயே விஞ்ஞானக் கற்பனைக் கதையொன்றை எழுதியிருந்தார். பெண்கள் ஆளும் நாடொன்றில் சூரிய வெப்பத்தாற் சமைப்பதையும் மேகத்திலிருந்து நீர் எடுப்பதையும் கற்பனை செய்த ரொக்கேயா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த பெண்கள் சஞ்சிகை ஒன்று என்பதை நாம் மறந்துவிட்டோம். சத்தியஜித் ராயின் பாட்டனார் உபேந்திரகிசோர் 1913இற் சிறுவருக்காகச் ‘சந்தேஷ்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். தந்தையார் சுகுமார் ராய் அதனைத் தொடர்ந்து நடத்தினார். நின்றுபோன அச்சஞ்சிகைக்கு 1961இல் மீண்டும் உயிரூட்டிய சத்தியஜித் ராய், அதன் பக்கங்களை நிரப்ப வேண்டிய தேவையினாலேயே கதாசிரியருமானார். நல்ல எழுத்தாளர் பலரை உருவாக்கியது பத்திராதிபரின் அவசரம் என்பது நம்மூர்ச் சஞ்சிகைகளில் எழுதியோர்க்குத் தெரியாததன்று.

‘பங்கு பாபுவின் நண்பன்’ 1962இற் ‘சந்தேஷ்’ இதழில் வந்தது. பங்கு பாபு ஒரு கிராமத்துப் பாடசாலை ஆசிரியர். பூகோளமும் வங்காளியும் கற்பிப்பவர். வகுப்பில் மாணவர் செய்யும் குறும்புகளைப் பொறுத்துக்கொள்வார். மாலையில் ஊர்ப் பெரிய மனிதர் ஸ்ரீபதியின் வீட்டிற் கூடும் கூட்டத்தில் அவரே எல்லோருக்கும் கேலிப்பொருள். போகாமலும் இருக்க முடியாது. ஸ்ரீபதியின் தயவு அந்த ஊரில் எவருக்கும் வேண்டியிருந்தது. ஒருநாள் அக்கூட்டத்திற் செயற்கைச் சந்திரன்களைப் பற்றியும் வேற்றுலகத்தாரைப் பற்றியும் பேச்சு எழுகிறது. வருவதாயின் மேல்நாட்டுக்கு வருவார்களேயன்றி இந்தக் காட்டூருக்கு ஏன் வரப்போகிறார்கள் என்று அங்குள்ளோர் சிரிக்கின்றனர். ஏன் வரக்கூடாது என்பது பங்கு பாபுவின் அடக்கமான ஐயம். அன்றிரவு வீடு திரும்பும் வழியில், மூங்கிற் காட்டுக்குள்ளே, விண்கலம் இறங்கி நிற்கிறது. அதிலிருந்து வந்த ‘அங்’ என்பவன் ஒரு கருவியின் மூலம் வடதுருவத்தையும் பிரேசில் நாட்டுக் காட்டையும் ஆசிரியருக்குக் காட்டுகிறான். ஆண்டாண்டாகப் பூகோளம் கற்பித்தும் எங்கும் போயறியாத மனிதர் அவர். பிரியுமுன் அங் சொல்லிச் செல்லும் அறிவுரை ஒன்று: மற்றவர் அவமதிப்பதை எதிர்ப்பின்றித் தாங்கிக்கொள்வது தகாது. பங்கு பாபு நேரே ஸ்ரீபதியின் வீட்டுக்குப் போய், தம் வாழ்விலே முதற்தடவையாக உரத்துப் பேசிவிட்டு வெளியேறுகிறார்.

சிறுவர் கதைதான். ஆயினும் உலகம் வியக்கும் அந்தச் சந்திப்பின் பயனாக ஓர் ஏழை ஆசிரியரின் முதுகு நிமிர்வதைக் காட்டும் வேறொரு விண்வெளிக் கதையை நாம் அறியோம்.

இக்கதையின் கரு திரைப்படக் கனவாக வளர்ந்த கட்டத்திலே தான் இலங்கை வரலாற்றில் நுழைகிறது. ஆங்கில விஞ்ஞானப் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் 1956 முதல் கொழும்பிலே வாழ்ந்து வந்தார். கல்கத்தாவில் விஞ்ஞானப் புனைகதைப் படங்களுக்கென ஒரு திரைப்படக் கழகம் அமைக்கப்பட்டபோது, அதற்கு வாழ்த்துக் கேட்டுச் சத்தியஜித் ராய் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். கடிதத் தொடர்பு வளர்ந்தது. பின்னர் லண்டனில் இருவரும் சந்தித்தனர். கிளார்க் அப்போது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001’ படத்தில் ஈடுபட்டிருந்தார். ராய் தம் மனத்திலிருந்த கதையைச் சொன்னார். கிளார்க் கொழும்புக்குத் திரும்பித் தம் கூட்டாளி மைக் வில்சனிடம் சொன்னார். வில்சன் அதனைத் தாமே முன்னின்று நடத்தித் தருவதாக ராய்க்கு எழுதினார்.

மைக் வில்சனைப் பழைய தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். 1962இல் வெளிவந்த முதலாவது சிங்கள வர்ணப்படம் ‘ரன் முத்து தூவ’வை நெறிப்படுத்திய ஆங்கிலேயர் அவரே. நீரினடியே படம்பிடிப்பதில் வல்லவர். கிளார்க்கும் அவரும் கடலில் மூழ்கி ஆய்ந்த இடங்களுள் திருகோணமலையும் ஒன்று. போர்த்துக்கீசரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோவிலின் கற்றூண்களைச் சுவாமிமலையின் அடியில், கடலுக்குள், அவர்கள் கண்டனர். நீருக்குள்ளிருந்து ஒரு கோவில் தலைகாட்டும் இந்தக் காட்சியை வாசகர் சிறிது நினைவில் வைத்திருப்பார்களாக. ராயின் திரைக்கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நாம் கூறவில்லை, அதற்குச் சான்றில்லை.

1967ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கல்கத்தாவில் ராய் திரைக்கதையை எழுதி முடித்தார். ‘தி ஏலியன்’ என்பது அதன் பெயர்; ‘அந்நியன்’ என்றே நாம் அதனைத் தமிழில் அழைக்கலாம். வங்காளத்தின் மங்கள்பூர் என்ற கிராமத்தில், இரவோடிரவாகத் தாமரைக் குளமொன்றினுள் விண்கலம் வீழ்ந்து அமிழ்கிறது. காலையில் அதன் பொன்னிறக் கூர்முனை மட்டும் நீருக்கு மேலே தெரிகிறது. பூமிக்குள்ளிருந்து ஒரு கோவில் எழும்பியிருக்கிறது என்று முடிவுகட்டும் மக்கள் கரையில் நின்று வழிபடத் தொடங்குகின்றனர். பஜோரியா என்னும் மார்வாடி வணிகன் அதிலே தன் புண்ணியத்தையும் இலாபத்தையும் ஒருங்கே காண்கிறான். குளத்தை இறைத்து, சலவைக்கல் பாவி, அதனைப் பெரும் புண்ணியத்தலமாக்கும் எண்ணம் அவனுக்கு. அவன் செலவிலே குழாய்க் கிணறு தோண்ட வந்திருக்கும் ஜோ டெவ்லின் என்ற அமெரிக்கப் பொறியியலாளன், தன் கருவிகளால் விளக்க முடியாத எதனையும் ஐயத்தோடும் எரிச்சலோடும் பார்க்கிறான். கல்கத்தாவிலிருந்து வந்த படித்த பத்திரிகையாளன் மோகனுக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது.

இவர்களுள் ஒருவனுக்கும் அந்நியன் தன்னைக் காட்டுவதில்லை. அவன் உறவு கொள்வது ஹாபா என்ற பிச்சைக்காரச் சிறுவனோடு, அதுவும் அவன் உறங்கும்போது கனவின் வழியாக. ஹாபா என்றால் வங்காளியிற் பேதை என்று பொருள். அந்நியனின் உருவத்தையும் ராய் தாமே வரைந்து வைத்திருந்தார். பட்டினியால் மெலிந்த அகதிக் குழந்தை ஒன்றை நினைவூட்டும் உருவம் அது. 1947இன் பிரிவினைக்குப் பின் கல்கத்தாவின் புகையிரத நிலையங்களில் அத்தகைய குழந்தைகளை அந்நகரத்தார் நாள்தோறும் தாண்டிச் சென்றனர். பூமியிலுள்ளவை எல்லாம் அவனுக்குப் புதுமை. புல்லையும் பூச்சியையும் வியந்து பார்க்கிறான். வியப்பின் மிகுதியால் விளையாடுகிறான். ஒரே இரவில் ஒருவனது பயிரை விளைய வைக்கிறான். பருவமல்லாத பருவத்தில் மாமரத்தைக் காய்க்கச் செய்கிறான்.

இந்த விளையாட்டைக் காலத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். 1966இல் மேற்கு வங்காளத்தில் அரிசிக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் மக்கள் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அயல் மாநிலமாகிய பீகாரில் 1966–67இல் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. அமெரிக்காவின் உபரிக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. அதனோடு அமெரிக்காவின் நிபந்தனைகளும் இறங்கின. 1967 மார்ச்சிற் கல்கத்தாவில் இடதுசாரிகள் பங்கேற்ற ஐக்கிய முன்னணி அரசு பதவிக்கு வந்தது. மே மாதத்தில் நக்சல்பாரியில் நிலத்துக்கான போராட்டம் வெடித்தது. இத்தகைய ஆண்டில், இத்தகைய மண்ணில், ஒரே இரவில் நெல் விளைவதாக ஒரு கலைஞர் எழுதுகிறார். வயிறு நிறைந்தவனுக்கு அது மாயவித்தை. மங்கள்பூர்க்காரனுக்கு அது என்ன? தம் கண்முன்னே நிகழ்ந்த அந்த அற்புதத்தின் பயனைக் கிராமத்தார் எண்ணிப் பார்ப்பதற்குள், வழிபாடும் வணிகமும் துப்பாக்கியும் குளத்தங்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. ராய் கட்சிக்காரர் அல்லர். எந்தக் கொடியின் கீழும் அவர் நின்றதில்லை. எனினும் விஞ்ஞானத்தின் கொடை பசித்தவனிடம் சேருமுன் யார் யாருடைய கைகளில் அகப்படுகிறது என்பதை அவர் கண்டிருக்கிறார்.

திரைக்கதையிற் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. சுரண்டுபவனுக்கு மார்வாடியின் உடையை உடுத்திவிடுவது வங்காள மத்தியதர வர்க்கத்தின் நெடுநாட் பழக்கம். நிலவுடைமையாளனும் வட்டிக்காரனும் வங்காளிகளுள்ளும் நிறையவே இருந்தனர். சுரண்டலை அயல் இனத்தான் ஒருவனின் முகத்தில் ஒட்டிவிட்டால் சொந்த வீட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. இந்தத் தந்திரம் எவ்வளவு தீங்கானது என்பதை நம் நாட்டவர்க்கு விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, கிராமத்து உழவர் இக்கதையிற் பெரும்பாலும் கூட்டமாகவே நிற்கின்றனர். ‘பாதேர் பாஞ்சாலி’யை எடுத்த கையிலிருந்து இன்னும் சற்று அதிகமாக எதிர்பார்த்திருக்கலாம்.

இனி, இப்படத்தை எடுப்பதற்கு ஹொலிவூட்டுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி எழும். முற்போக்கு நண்பர் சிலர் இதையே ராய் மீதான குற்றச்சாட்டாகவும் வைத்ததுண்டு. விடை எளிது. வங்காளப் படமொன்றின் சிறு செலவில், நீருக்குள் அமிழ்ந்த விண்கலத்தையும் இரவில் விளையும் வயலையும் அக்காலத்து உத்திகளைக் கொண்டு நம்பத்தக்கவாறு காட்ட முடியாது. வேண்டிய பொறிகளும் நிபுணரும் மேல்நாட்டு ஸ்ரூடியோக்களின் உடைமை. கற்பனை கல்கத்தாவில் இருந்தது. கருவி கலிபோர்னியாவில் இருந்தது. உற்பத்திச் சாதனம் எவனுடையதோ அவனுடைய வாசலில் உழைப்பாளி போய் நிற்க வேண்டியிருக்கிறது. கலைஞனும் இதற்கு விலக்கல்லன்.

வில்சனின் முயற்சியால் பீற்றர் செல்லர்ஸ் பஜோரியா வேடத்துக்கு இசைந்தார். பாரிஸ் நகரில் ராய் அவரைச் சந்தித்தபோது ‘சாருலதா’ திரையிட்டுக் காட்டப்பட்டது, செல்லர்ஸ் உருகினார். கொலம்பியா நிறுவனம் முதலிட முன்வந்தது. அமெரிக்கப் பொறியியலாளன் வேடத்துக்கு மார்லன் பிராண்டோ, ஸ்டீவ் மக்குயின் ஆகியோரின் பெயர்கள் அடிபட்டன. 1967 நடுப்பகுதியில் ராய் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். அங்கே நிகழ்ந்தவற்றை 1980 ஒக்டோபரிற் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இரண்டு பகுதிகளாக அவரே எழுதியிருக்கிறார். நாம் இங்கே சொல்வது பெரும்பாலும் அவர் தரும் சாட்சியமே.

ஹொலிவூட்டில் ராய் தமது திரைக்கதையின் றோனியோப் பிரதிகள் கைக்குக் கை மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவற்றின் முகப்பில் பதிப்புரிமை மைக் வில்சனுக்கும் சத்தியஜித் ராய்க்கும் உரியதென்று அச்சிடப்பட்டிருந்தது. எழுத்தில் வில்சனின் பங்கு ஓரிரு சொற்களுக்கு மேற்பட்டதன்று என்கிறார் ராய். கேட்டபோது, இருவர் பெயர் இருந்தால் ராய்க்கே பாதுகாப்பு அதிகம் என்று விளக்கம் கிடைத்ததாம். இத்தகைய பாதுகாப்பின் பொருள் நம் விவசாயிகளுக்குத் தெரியும். கைநாட்டுப் போட்டுக் காணி இழந்த குடும்பங்கள் எந்த ஊரில் இல்லை? பின்னர் லண்டனிற் கொலம்பியா அலுவலகத்தார் மூலம், திரைக்கதைக்கான முற்பணமாகப் பத்தாயிரம் டொலர் வில்சனிடம் முன்பே கொடுக்கப்பட்டிருந்ததை ராய் அறிந்தார். அதில் ஒரு சதமும் தமக்கு வரவில்லை என்று அவர் எழுதுகிறார்.

செல்லர்ஸ் அவ்வேளையில் ‘தி பார்ட்டி’ என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். ஹொலிவூட்டுக்கு வந்த இந்திய நடிகனொருவன் செல்லுமிடமெல்லாம் எல்லாவற்றையும் குழப்பித் தள்ளுவதே அதன் நகைச்சுவை. படத்தின் தொடக்கத்தில் அவ்விந்தியன் நடிப்பதும் பேரரசுக் காலப் போர்ப் படமொன்றில் ஊதுகொம்பு ஊதும் சிப்பாயாகவே. முகத்துக்கு மண்ணிறம் பூசி இந்தியனின் பேச்சைக் கேலி செய்து புகழ்பெற்ற நடிகரையே ராய் தமது படத்துக்கு நம்ப வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் பெயரின்றிப் பணம் வராது. அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் நின்ற ராயின் மனநிலையை ஊகிப்பது கடினமன்று.

பின்னர் நிகழ்ந்தவை விரைவிலே சொல்லத்தக்கன. வில்சனை விலக்கினாற் படத்தைத் தொடரலாம் என்றது கொலம்பியா. வில்சன் விலகவில்லை. 1968இற் செல்லர்ஸ், தமது பாத்திரம் நிறைவாக அமையவில்லை என்று எழுதி விலகிக்கொண்டார். வில்சன் தலையை மழித்துத் துறவு பூண்டுவிட்டார் என்ற செய்தி கிளார்க்கின் கடிதத்தில் ராய்க்கு வந்தது. உரிமையை வில்சன் கைவிட்ட வேளையில் ஆர்வம் கொண்டிருந்த எல்லோரும் கலைந்துவிட்டிருந்தனர். வில்சன் பின்னாளிற் சுவாமி சிவ கல்கி என்ற பெயருடன் வாழ்ந்து 1995இல் மறைந்தார். அவரை மட்டும் வில்லனாக்கிவிட்டு வழக்கை முடிப்பது எளிது. ஆனால் அது சரியாகாது. வில்சன் இடைத்தரகர். தரகர் தோன்றுவதற்கான சந்தையை அவர் அமைக்கவில்லை. ஒரு கலைஞனின் கையெழுத்துப் பிரதியை உரிமை, முற்பணம், நட்சத்திரம் என்ற துண்டுகளாக அறுத்து விற்கும் ஏற்பாடு அவருக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது.

1977இல் அதே கொலம்பியா நிறுவனம் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘மூன்றாம் வகை நெருங்கிய சந்திப்பு’களை வெளியிட்டது. அழகான படம், அந்நியனைப் பகைவனாகக் காட்டாத படம். அதில் இந்தியாவும் வருகிறது, சில நிமிடங்களுக்கு. பெயரற்ற பெருங்கூட்டமொன்று தரையிலமர்ந்து விண்ணிலிருந்து கேட்ட ஐந்து சுரங்களை ஓதுகிறது. இந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் ஆயிரம் விரல்கள் ஒருங்கே வானைச் சுட்டுகின்றன. மேல்நாட்டு விஞ்ஞானி அதனை ஒலிப்பதிவு செய்துகொண்டு போகிறார். பொருள் காண்பது அமெரிக்காவில்; விண்கலம் இறங்குவதும் அமெரிக்காவில். மூலப்பொருள் இங்கிருந்து ஏற்றுமதியாகி அங்கே பண்டமாவது தேயிலைக்கும் சணலுக்கும் மட்டும் உரிய விதியன்று போலும்.

1982இல் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ. ரி.’ வெளிவந்தது. தனித்து விடப்பட்ட சிறிய, மெலிந்த வேற்றுலகத்தான். அவனோடு உள்ளத்தால் இணையும் சிறுவன். தாவரங்களுக்கு உயிரூட்டும் ஆற்றல். ஒற்றுமைகளைக் கிளார்க்கே ராய்க்குச் சுட்டிக்காட்டினார். தமது திரைக்கதையின் பிரதிகள் அமெரிக்காவெங்கும் உலவியிராவிட்டால் இப்படம் இயன்றிராது என்று ராய் கருத்துத் தெரிவித்தார். ஸ்பீல்பேர்க் அதை மறுத்தார். அத்திரைக்கதை உலவிய காலத்தில் தாம் பாடசாலைச் சிறுவன் என்று அவர் கூறியதாகப் பதிவாகியுள்ளது. 1946இற் பிறந்தவருக்கு 1967இல் இருபது வயது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு அப்பால் செல்வோம். ராய் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. நாமும் நீதிபதியாக வேண்டியதில்லை. ஒரே கரு இருவர் மனத்தில் தனித்தனியே தோன்றுவதும் உண்டு.

திருட்டா இல்லையா என்ற வாதத்தில் முக்கியமான கேள்வி மறைந்துவிடுகிறது. ‘ஈ. ரி.’யில் வருபவன் உயிரூட்டுவது கலிபோர்னியப் புறநகர் வீடொன்றிலே சாடியில் வாடி நின்ற பூஞ்செடிக்கு. மங்கள்பூரில் வந்தவன் விளைவித்தது பஞ்ச காலத்துப் பயிரை. முன்னதிற் சிறுவனின் துயரம் தந்தை பிரிந்து சென்ற வீட்டின் தனிமை. அதுவும் மெய்த்துயரமே, அதனை இகழ நமக்கு உரிமையில்லை. ஆனால் ஹாபாவுக்கு வீடே இல்லை. கருவை யாரேனும் எடுத்தார்களோ இல்லையோ, அது கடல் கடந்து போனபோது பசி இங்கேயே விடப்பட்டது. முன்னைய படம் அதுவரை எந்தப் படமும் ஈட்டாத வருவாயை ஈட்டியது. பின்னையது பெட்டிக்குள் இருந்தது. ராய் 1992இற் காலமானார். கிளார்க் 2008இற் கொழும்பிலே மறைந்தார். திரைக்கதையும் அதனைச் சுற்றிய கடிதங்களும் 2018இல் நூலாக வெளிவந்தன. திரையில் வராத ஒரு படத்தின் நியாயத்தை இன்று எவரும் வாசித்தறியலாம்.

ஹொலிவூட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ராய் சும்மா இருக்கவில்லை. பாட்டனார் ‘சந்தேஷ்’ காலத்தில் எழுதிய கதையொன்றை எடுத்துக்கொண்டு ‘கூப்பி கைன் பாகா பைன்’ படத்தைத் தயாரித்தார். அது 1969இற் கல்கத்தாவில் வெளியானது. பணம் போதாமையாற் படம் கறுப்பு வெள்ளையில் ஓடி, இறுதிக் காட்சியில் மட்டும் வர்ணமாகிறது. போருக்கு ஏவப்பட்ட பட்டினிச் சிப்பாய்களின் முன்னே, பாட்டு ஒன்றின் வலிமையால், வானத்திலிருந்து இனிப்புப் பானைகள் இறங்குகின்றன. சிப்பாய்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் பானைகளை நோக்கி ஓடுகின்றனர். கல்கத்தாவின் திரையரங்குகளிற் சிறுவரும் பெரியவரும் அப்படத்தை மாதக்கணக்கிற் சென்று பார்த்தனர்.